பிள்ளை முழிச்சிட்டாள், கொஞ்சம் பொறுங்கோ

பிள்ளை நித்திரையால் எழும்பிவிட்டது. அழவில்லை, சிணுங்கவில்லை. மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்து, காலை உதைத்துக்கொண்டு கிடக்கிறது. உடனே போய்த் தூக்குவதா, அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று விடுவதா?

இதைச் சொன்னபோது என் நண்பன் ஒருவன், "இதுக்கெல்லாமாடா வீட்டில சண்டை?" என்று சிரித்தான். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வெள்ளவத்தையில் இரண்டு அறை ஃபிளாட் ஒன்றுக்குள் மூன்று பெரியவர்களும் ஒரு கைக்குழந்தையும் இருந்து, அந்தக் குழந்தை பகலில் மூன்று நான்கு தரம் தூங்கி எழும்பினால், கேள்வியும் அத்தனை தரம் வரும். எங்கள் வீட்டில் தேர்தலுக்குக்கூட இவ்வளவு கட்சி பிரிந்ததில்லை.

என் கட்சியை முதலே சொல்லிவிடுகிறேன். பிறந்து சில கிழமைகள் தாண்டிய, சுகமான பிள்ளை, பாதுகாப்பான இடத்தில் சந்தோஷமாகக் கிடந்தால், கண் திறந்த கையோடு தூக்கத் தேவையில்லை. அதற்குப் போதும் என்கிறவரை கிடக்கட்டும். எவ்வளவு நேரம் என்பதை மணிக்கூடு சொல்லக்கூடாது, பிள்ளைதான் சொல்ல வேண்டும். சொல்கிறதா என்று கேட்டுக்கொண்டு இருப்பது எங்கள் வேலை.

மாமியின் கட்சி நேர் எதிர். மகள் பிறந்ததும் சாவகச்சேரியிலிருந்து உதவிக்கு வந்தவ. குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருப்பா. கடற்கரைப் பக்கம் ரயில் போகும், காலி வீதியில் பஸ்காரன் ஹோர்னை அமத்திக்கொண்டே போவான், மேல் மாடியில் யாரோ டைல்ஸ் வெட்டுவார்கள். இத்தனைக்கும் நடுவில் அறைக்குள் பிள்ளை ஒரு தரம் பெரிதாக மூச்சு விட்டால் மாமிக்குக் கேட்டுவிடும்.

"தம்பி, பிள்ளை முழிச்சிட்டாள். ஒருத்தரும் தூக்கேல்லையோ?"

"சும்மாதான் கிடக்கிறாள் மாமி. விளையாடுறாள்."

"தனியக் கிடந்து என்னத்தை விளையாடுறது? தாய் தேப்பன் இல்லாத பிள்ளை மாதிரி."

மருமகன் என்ற முறையில் அதற்குமேல் வாய் திறக்க ஏலாது. அவ கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போகும்போது வழி விட்டு நிற்பதுதான் மரியாதை.

ஆனால் மாமியைப் பழைய ஆள் என்று ஒதுக்கவும் எனக்கு மனமில்லை. ஒரு பின்னேரம் பிளேன்டீ குடித்தபடி தன் பிள்ளைகளை வளர்த்த கதையைச் சொன்னா. எல்லோருமே ஏணையில் வளர்ந்தவர்கள். வீட்டு வளையில் கயிறு போட்டு, பழைய நூல் சேலையை மடித்துக் கட்டிய ஏணை. நித்திரை கொள்ளும் பிள்ளைக்கு அதைப் போல சுகம் இல்லை, உடம்பு முழுவதையும் துணி அணைத்துப் பிடித்திருக்கும். எழும்பிவிட்டால் கதை வேறு. பிள்ளை புரண்டால் பாரம் ஒரு பக்கம் சாயும். தலையைத் தூக்கப் பழகிய பிள்ளை என்றால் விளிம்புக்கு மேலால் எட்டிப் பார்க்கும், அடுத்தது நிலம்தான். அதனால் ஏணை அசைந்தால் அடுப்பில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு ஓட வேண்டும். ஏணை இல்லையென்றால் பாய். பாயில் எறும்பு வரும், மழைக்காலத்தில் பூரான் வரும். பேம்பர்ஸ் எல்லாம் அந்தக் காலத்தில் எங்கே? சேலைத் துண்டுதான். எழும்பின பிள்ளை என்றால் நனைந்த பிள்ளை என்றே அர்த்தம், நனைந்த துணியோடு விட்டால் சளி பிடிக்கும் என்ற பயம் வேறு.

இன்னொன்றை மாமி சொல்லவில்லை, எனக்காகப் பட்டது. ஏணைக்குள் கிடக்கும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் துணி. மேலே ஒரு கீற்றுக் கூரை. விழித்துக் கிடந்து பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. எங்கள் மகள் கிடப்பதோ நாலு பக்கமும் மரக் கம்பி வைத்த தொட்டிலில். கம்பிக்கு அங்கால் யன்னல், யன்னலுக்கு அங்கால் காகம், திரைச்சீலை, வெளிச்சம். விழ இடமில்லை, பார்க்க நிறைய இருக்கிறது. மாமியின் அவசரம் அவவுடைய வீட்டுக்கு மிகச் சரியான அவசரம். பிள்ளை கிடக்கும் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு காலகட்டத்துக்கு மட்டும் மாமி சொன்னதுதான் எங்கள் வீட்டில் சட்டம். பிறந்த முதல் கிழமைகள். பிறந்த பிள்ளை முதல் சில நாட்களில் கொஞ்சம் எடை குறையும். அதைத் திரும்பப் பிடிக்கப் பெரும்பாலும் 10 முதல் 14 நாள் செல்லும். அந்த நேரம் 24 மணித்தியாலத்தில் 8 முதல் 12 தரம் பால் குடிக்க வேண்டும். மஞ்சள் காமாலை இருக்கும் பிள்ளை என்றால் நித்திரையும் கூட, சோர்வும் கூட, பால் கேட்கவே தெம்பு இராது. வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னா: அழும்வரை பார்த்திருக்க வேண்டாம், மூன்று மணித்தியாலம் ஆகியும் எழும்பவில்லை என்றால் எழுப்பிக் குடுங்கோ. எழுப்பியே குடுக்க வேண்டிய பிள்ளை தானாக எழும்பினால் விட்டு வைப்பதாவது? அந்த வயதில் "சத்தம் போடாமல் நல்ல பிள்ளையாகக் கிடக்கிறது" என்பதை நம்பவே கூடாது. தலையை அங்கும் இங்கும் திருப்பி வாயைத் திறக்கும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், நாக்கை நீட்டும். அதெல்லாம் பசி. அழுகை கடைசியாக வருவது. அழத் தொடங்கிய பிள்ளையை மார்பில் பிடிக்க வைக்க என் மனைவி பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

எடை ஏறி, கிளினிக் கார்ட்டில் கோடு ஒழுங்காக மேலே போகிறது, இனி இரவில் எழுப்ப வேண்டாம் என்று மிஸ் சொன்ன பிறகுதான் இந்தக் கட்டுரையின் கேள்விக்கே இடம் வந்தது.

அப்போதும் முதலில் வந்தது வேறொரு சிக்கல். பிள்ளை உண்மையாகவே எழும்பிவிட்டதா?

கைக்குழந்தையின் நித்திரை எங்களுடையது போல இல்லை. புதிதாகப் பிறந்த பிள்ளையின் நித்திரையில் ஏறக்குறைய பாதி, உடம்பு அசைந்துகொண்டிருக்கும் நித்திரை. முகம் சுளிக்கும், சிரிக்கும், முனகும், கையைக் காலை உதறும், இமை பாதி திறந்து உள்ளே கண் உருளும். மூச்சும் ஒழுங்கில்லாமல் போகும். பார்க்கிறவருக்கு எழும்பின பிள்ளை. பிள்ளைக்கோ இன்னும் நடு நித்திரை. ஒரு நித்திரைச் சுற்று 50 நிமிட அளவில் முடியும். அந்தச் சந்தியில் ஒரு தரம் அசைந்து, கண்ணைத் திறந்து, விட்டால் தானாக அடுத்த சுற்றுக்குள் போய்விடும். அந்த நிமிடம் பார்த்து நாங்கள் போய்த் தூக்கினால் நித்திரை அதோடு சரி.

கண் உருளும் இந்தக் கனவு நித்திரையைக் கண்டுபிடித்த கதையே கைக்குழந்தையின் தொட்டிலடியில்தான் தொடங்குகிறது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற மாணவரை, தூங்கும் குழந்தைகளின் இமை அசைவைப் பார்த்து எழுதும்படி அவருடைய பேராசிரியர் நத்தேனியல் கிளைட்மன் விட்டிருந்தார். அலுப்பான வேலைதான். அந்த வழியே போய்த்தான் நித்திரையில் கண் விரைவாக உருளும் கட்டம் ஒன்று உண்டு என்று 1953இல் இருவரும் சேர்ந்து எழுதினார்கள். பிறகு 1979இல் தோமஸ் அண்டர்ஸ் என்ற மருத்துவர் வீடுகளில் கமெரா வைத்து இரவில் குழந்தைகளைப் படம் பிடித்தார். நித்திரையில் குறை வைக்காத பிள்ளை என்று தாய் தகப்பன் நினைத்த பிள்ளைகளும் இரவில் எழும்பியிருக்கிறார்கள். சிலர் அழுது கூப்பிட்டார்கள், சிலர் கொஞ்ச நேரம் விழித்துக் கிடந்துவிட்டுத் திரும்பத் தூங்கினார்கள். பக்கத்து அறையில் இருந்தவர்களுக்குத் தெரியவே இல்லை.

இதை நான் மாமிக்கு விளக்கினேன். "அவைக்கு வேற வேலை இல்லையோ, ஆற்றையோ பிள்ளை நித்திரை கொள்ளுறதைப் படம் எடுக்க?" என்றா. ஆனாலும் அதன் பிறகு அறைக்குள் ஓடுவதற்கு முதல் வாசலில் ஒரு கணம் நின்று பார்க்கத் தொடங்கியதைக் கவனித்தேன்.

சரி, உண்மையாகவே எழும்பிவிட்டாள் என்று வைப்போம். தனியக் கிடந்து என்னத்தை விளையாடுறது என்ற மாமியின் கேள்விக்குப் பதில் வேண்டுமே. மகளுக்கு நான்காம் மாதமளவில், 84 வேலை நாள் பிரசவ விடுமுறை முடிந்து மனைவி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தா. நான் வீட்டிலிருந்து வேலை. ஒரு காலைத் தூக்கம் முடிந்ததும் கதவு நிலையோடு சாய்ந்து, அவளுக்குத் தெரியாதபடி நின்று பார்த்தேன்.

முதலில் ஒன்றுமே இல்லை. கண் மட்டும் திறந்திருக்கிறது, எதையும் பார்க்கவில்லை. ஒரு கொட்டாவி. பிறகு இடது கை தானாக மேலே வந்தது. அது தன்னுடைய கை என்று அவளுக்கு முழுக்க நம்பிக்கை இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. விரலை விரித்தாள், மடக்கினாள், புறங்கையைத் திருப்பினாள். கை சரிந்து பார்வையிலிருந்து போனது. அது போன பக்கம் தேடினாள். மற்றக் கை எங்கிருந்தோ வந்து அதைப் பிடித்துக்கொண்டது. இரண்டும் நெஞ்சுக்கு நேரே ஒன்றையொன்று பிசைந்தன. யன்னல் கிறில்லில் காகம் வந்து கத்தியது. அந்தரத்தில் கை அப்படியே நின்றது, முழு உடம்பும் காதாக இருந்தது. தலையை மெல்லத் திருப்பினாள். காகம் போய்விட்டது. போன இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் ஒரு கால் விழுந்து குதி மெத்தையில் "தொப்" என்றது. நின்றாள். மறுபடி உதைத்தாள், தொப். மறுபடி. மூன்றாவது தரம் வாயோரம் சிரிப்பு. தான் செய்தால் சத்தம் வருகிறது என்பதை அந்த இடத்தில்தான் கண்டுபிடித்தாளோ, முதலே தெரியுமோ தெரியாது, ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குக் காட்டிய சிரிப்பு இல்லை. நான் அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியாது.

பிறகு குரல் மாறியது. அதுவரை நீளமாக இழுத்துக்கொண்டிருந்த "ஊ" கட்டையாக வெட்டி வெட்டி வந்தது. புருவம் சேர்ந்தது. உதைத்த கால் விறைத்தது. இது கூப்பிடுகிற குரல், போனேன்.

பிறந்த புதிதில் 20–30 சென்ரிமீற்றர் தூரத்துக்குள் இருப்பதுதான் பிள்ளைக்குத் தெளிவாகத் தெரியும். இரண்டு மூன்று மாதத்தில் கையைக் கண்டுபிடிக்கும். நான்கு மாதமளவில் இரண்டு கையையும் நடுவே கொண்டுவந்து சேர்க்கும். எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் நேரம் எப்போது? விழித்திருக்கும் நேரமெல்லாம் யாரோ ஒருவரின் தோளில், மடியில், வீடியோ கோலில் கனடாப் பெரியம்மாவுக்கு முன்னால். "பிள்ளையைக் காட்டுங்கோ, சிரிக்கச் சொல்லுங்கோ." அன்பு நிறைந்த வீட்டில் பிள்ளைக்குக் கிடைக்காதது தனியாகக் கிடக்கும் கொஞ்ச நேரம்தான். நித்திரையால் எழும்பின உடனே அது கிடைக்கிறது. பசி இன்னும் ஏறவில்லை, களைப்பு இல்லை, ஒருவரும் முகத்துக்கு முன்னால் கிலுக்கட்டி ஆட்டவில்லை.

ஹங்கேரியில் எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். யுத்தம் முடிந்து 1946இல் புடாபெஸ்ட் நகரில் பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்காக ஓர் இல்லத்தைத் தொடங்கி நடத்தினார். பால் கொடுப்பது, குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது என்று பிள்ளையைத் தொடும் நேரமெல்லாம் அவசரமே இல்லாமல், முழுக் கவனத்தோடு, பேசிப் பேசிச் செய்ய வேண்டும். மற்ற நேரம் பிள்ளை தன் பாட்டில் அசையட்டும், விளையாடட்டும், குறுக்கே போகாதீர்கள். இதுதான் அவர் முறை. முதல் பாதி இல்லாமல் இரண்டாம் பாதி இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். வயிறும் மனமும் நிறையக் கவனிக்கப்பட்ட பிள்ளைதான் நிம்மதியாகத் தனியக் கிடக்கும்.

இந்த இடத்தில் மற்றக் கட்சிக்காரரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. எழும்பின பிள்ளையைக் கட்டாயம் 15 நிமிடம் தூக்காமல் விட வேண்டும், அப்போதுதான் "பழகும்" என்று டைம்டேபிள் போடுகிறவர்கள். எதற்குப் பழக வேண்டும்? சந்தோஷமாகக் கிடக்கும் பிள்ளையை விடுவது ஒன்று. கூப்பிடும் பிள்ளையை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு விடுவது முற்றிலும் வேறொன்று. முதலாவதில் பிள்ளை தன் கையோடு இருக்கிறது, இரண்டாவதில் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறது. மாமி சொன்ன "தாய் தேப்பன் இல்லாத பிள்ளை"க்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர் 1945இல், சாப்பாடும் சுத்தமும் குறைவில்லாத, ஆனால் தூக்கிக் கொஞ்ச ஆளில்லாத இல்லம் ஒன்றில் பிள்ளைகள் எப்படி ஒடுங்கிப் போனார்கள் என்று எழுதினார். அழுதும் ஒருவரும் வராத பிள்ளை ஒரு கட்டத்துக்குப் பிறகு அழுவதை விட்டுவிடும். அதுவும் சத்தமில்லாமல்தான் கிடக்கும். சந்தோஷமாகக் கிடக்கும் பிள்ளையின் கண் அலையும், கை வேலை செய்யும், அடிக்கடி ஏதாவது ஒரு சத்தம் வரும். வெறித்த பார்வையோடு அசையாமல் கிடந்தால் அது அமைதி இல்லை, போய்த் தூக்குங்கள்.

மனைவிக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. "உங்கட மெயிலை முடிக்கத்தானே அவளைக் கிடக்க விடுறீங்கள்? சும்மா எம்மி பிக்லர் கதை சொல்லுறீங்கள்." பாதி உண்மை. அவள் கையோடு பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் எனக்கு ஒரு மெயில் முடிந்தால் யாருக்கு நட்டம்? குரல் மாறும்போது மெயில் பாதியில் இருந்தால் எழும்புகிறேனா இல்லையா என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

பாதுகாப்பான இடம் என்று ஒரு சொல்லில் தாண்டிவிட்டேன், அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். கொழும்பு வீடுகளில் பகலில் பிள்ளையைப் பெரிய கட்டிலில் கிடத்தி இரண்டு பக்கமும் தலையணை அடுக்குவது வழக்கம். அந்தக் கட்டிலில் எழும்பின பிள்ளை என்றால் மாமி சட்டம்தான், ஓடிப்போய்த் தூக்க வேண்டும். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் பிள்ளை புரளும், முதல் புரளலுக்கு முன்னறிவித்தல் தராது. தலையணை பிள்ளையை மறிக்கும் என்பதை விட முகத்தை மூடும் என்பதுதான் பயம். தொட்டில் என்றாலும் மெத்தை கெட்டியாக, உள்ளே தலையணை, போர்வை, பஞ்சுப் பொம்மை எதுவும் இல்லாமல், நிமிர்த்திக் கிடத்த வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1992இலேயே குப்புறக் கிடத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. குடை மாதிரி விரியும் நுளம்பு வலை நித்திரைக்கு நல்லது, ஆனால் விழித்த பிள்ளை அதைக் கையால் பிடித்து இழுக்கும் வயது வந்ததும் ஆள் இருக்க வேண்டும். மேலே தொங்கும் பொம்மையை, பிள்ளை கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கத் தொடங்கும்போது கழற்றிவிட வேண்டும். ஐந்து மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே பக்கம் தலையை வைத்து நெடுநேரம் கிடந்தால் மண்டை அந்தப் பக்கம் தட்டையாகும், அதனால் நாங்கள் தொட்டிலில் தலைமாடு கால்மாட்டை அடிக்கடி மாற்றுவோம். விழித்திருக்கும்போது ஆள் பார்க்கக் குப்புறப் போடவும் வேண்டும்.

அப்புறம் வெக்கை. ஏப்ரல் மாதத்து வெள்ளவத்தையில் கரண்ட் போய் ஃபேன் நின்றால் பிள்ளையின் கழுத்து மடிப்பில் வேர்வை தேங்கிவிடும், அடுத்த நாள் வேர்க்குரு. அந்த நேரம் தத்துவம் ஒன்றும் வேண்டாம், தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போக வேண்டியதுதான்.

தூக்கும் விதத்தில் மட்டும் நான் மாமியின் சீடன். நானும் மனைவியும் போய் லபக்கென்று அள்ளுகிறவர்கள். மாமி அப்படி இல்லை. தொட்டிலடியில் நின்று, "என்ரை குஞ்சு எழும்பிட்டுதோ? அம்மம்மாட்ட வாறீங்களோ?" என்று கையை நீட்டுவா. நீட்டியபடி நிற்பா. மகள் முகத்தைப் பார்ப்பாள், கையைப் பார்ப்பாள், காலை மடக்கி முதுகை விறைத்து உடம்பைத் தயார் பண்ணுவாள். பிறகுதான் தூக்குவா. வசுதேவி ரெட்டி என்ற உளவியலாளரும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் அளந்து பார்த்தது. தாய் கையை நீட்டி வரும்போதே, உடம்பைத் தொடுவதற்கு முன்னமே, இரண்டு மாதப் பிள்ளைகள்கூடத் தூக்கப்படுவதற்குத் தங்கள் உடம்பைத் தயார் பண்ணுகிறார்கள். மாமிக்கு இதையும் சொன்னேன். "பின்னை? பிள்ளைக்கு விளங்காதோ?" என்றா.

இப்போது மகள் கம்பியைப் பிடித்து எழும்பி நிற்கிறாள். எழும்பின உடனே நின்றுகொண்டு "ஆ!" என்று ஒரு அதட்டல், அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. சில நாள் அதட்டாமல், கம்பிக்கு வெளியே கையை விட்டுத் திரைச்சீலையை நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருப்பாள். திரைச்சீலை போனால் போகட்டும் என்று விட்டிருக்கிறோம். மாமி வருகிற கிழமை சாவகச்சேரிக்குத் திரும்புகிறா. அடுத்து கொட்டாஞ்சேனையிலிருந்து என் அம்மா வந்து நிற்கப் போகிறா. அம்மா தூக்குவதைப் பற்றியோ விடுவதைப் பற்றியோ ஒன்றும் சொல்லமாட்டா. அவவுடைய ஒரே கொள்கை, எழும்பின பிள்ளையை வெயில் ஏற முதல் குளிப்பாட்டிவிட வேண்டும். சுடுதண்ணீர் பானையை எங்கே வைப்பது என்று நேற்றே போனில் கேட்டுவிட்டா.